கெளுத்தி முள்ளும் தோணிச் செருப்பும்

கெளுத்தி மீனின் முள் குத்தினால் எங்கள் பாம்பன் கரையில் மீசை வைத்த ஆண்பிள்ளைகளே மணலில் உருண்டு அழுவார்கள். அந்த முள் என் உள்ளங்காலில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. நான் அதோடு மீன் ஏலத்தில் நின்று, இரண்டு பேரோடு சண்டை போட்டு, வாங்கிய சாளை மீனை ஓலைக் கடகத்தில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் நாத்தனார் பிரகாசிதான் பார்த்தாள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் புள்ளி புள்ளியாக ரத்தம்.

"மதினி, காலைத் தூக்குங்க. ஆத்தாடி, மாதாவே! இது கெளுத்தி முள்ளுல்ல! இதோடயா நடந்து வந்தீக?"

குறட்டால் முள்ளைப் பிடித்து இழுத்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்று மாலைக்குள் ஊர் முழுக்க என் பேர்தான். சூசை பெண்டாட்டி செபஸ்தியம்மாளுக்கு இரும்பு உடம்பு என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடியில் யாராவது மறந்துபோய் வேறு பேச்சுப் பேசினால் நானே முள் பேச்சை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய மடச்சியாக இருந்திருக்கிறேன்.

அப்போது தனுஷ்கோடி வரைக்கும் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி, பாம்பனில் ரயிலேறி, உச்சிப்புளியில் இறங்கி, உள்ளே இருக்கிற கிராமங்களில் தலைச்சுமையாக விற்று வருவது என் பிழைப்பு. கடகத்தில் கை வைக்காமல் நடப்பேன். தூரத்தில் என் நடையைப் பார்த்தே பெண்கள் சட்டி கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வேறு அழகு இருந்ததோ இல்லையோ, நடை இருந்தது.

முள் குத்திய இடம் ஆறவில்லை. பெருவிரலுக்கு அடியில், உள்ளங்கால் மேடாக இருக்கும் இடத்தில், குழி விழுந்து புண்ணானது. துணியைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தேன். வலிக்காத புண்ணுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? கடைசியில் என் வீட்டுக்காரர் ஒருநாள் மூக்கைச் சுளித்தார். மீன் நாற்றத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர், இது மீன் நாற்றம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் கடலுக்குப் போகாமல் என்னை ரயிலேற்றினார்.

இராமநாதபுரத்தைத் தாண்டி, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் நீள நீளமான பெஞ்சுகள். அங்கே யாரும் யாரிடமும் "உங்களுக்கு என்ன?" என்று கேட்கவில்லை. எல்லோரும் ஓரக்கண்ணால் அடுத்தவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு விரல்கள் மடங்கியிருந்தன, ஒருவருக்குப் புருவத்தில் முடி இல்லை. அது என்ன கூடம் என்று எனக்குப் புரிந்ததும் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். புரிந்தது என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கும் புரிந்திருந்தது, அவரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா எங்கள் மாதிரிக் கருத்த பெண்தான், மதுரைக்காரி. என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"காலிலே பஞ்சாலே தொடுவேன். தொடுறப்ப சொல்லணும்."

நானும் மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். காக்கை கத்தியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டரம்மா?" என்றேன்.

"முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் பஞ்சு இருந்தது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான். காது மடலில் துளி கீறி, கண்ணாடிச் சில்லில் தடவி, பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில் கிருமி தெரிகிறதா என்று பார்த்தார்கள். தொழுநோய் என்றார். எங்கள் ஊரில் அதற்கு வேறு பேர். அந்தப் பேரை வீட்டுக்குள் சொல்ல மாட்டோம்.

கூரை இடிந்து தலையில் விழுந்த மாதிரி இருந்தது. இந்த மனிதர் இப்போது வெளியே போவார், திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடப்பாளா?"

டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். இந்தக் கிருமி நரம்பைத் தின்கிறது. நரம்பு செத்தால் வலி போய்விடும். வலி போனால் கால் தானாக அழுகாது; நாம்தான் புண் மேலேயே நடந்து அழுக வைக்கிறோம். மாத்திரை கிருமியைக் கொல்லும், செத்த நரம்பைப் பிழைக்க வைக்காது. புண் எலும்பைத் தொட்டுவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும். என்னுடையது அடுத்தவருக்கு எளிதில் ஒட்டுகிற வகை இல்லை என்றும் சொன்னார். அதை அவர் மூன்று தடவை சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

"ஒவ்வொரு எட்டிலேயும் உன் பாரம் மொத்தமும் இந்தப் பெருவிரல் அடியிலதான் இறங்குது. அதுக்கு மேல தலைச்சுமை வேற. அதை விட்டுரு, செபஸ்தி."

"காலை வேணும்னாலும் எடுத்துக்கங்க டாக்டரம்மா. கடகத்தை விடச் சொல்லாதீக" என்றேன்.

"காலில்லாம எதிலே சுமப்ப?" என்றார்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். புண்ணைச் சுத்தம் செய்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் கால் முழுக்கப் பரவட்டும் என்பதற்காக அந்தக் கட்டு. படுக்கைக்கும் மருந்துக்கும் எங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை. அரிசி மட்டும் நாங்கள் கொண்டுவர வேண்டும். வார்டில் பதினோரு பெண்கள். முதல் வாரம் நான் யாருடனும் பேசவில்லை. அவர்களைப் போல நான் இல்லை என்று ஒரு திமிர். அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். எல்லோருமே முதல் வாரம் அப்படித்தான் இருந்தார்களாம்.

பிரகாசி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறி வருவாள். முதல் ஞாயிறு நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். எனக்கு இறங்கவில்லை, பாதியில் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வார்டு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மதினி, நண்டுக் காலை அப்படியே வச்சிருக்கீக" என்று தட்டை இழுத்து, நான் கடித்து வைத்திருந்த நண்டுக் காலை எடுத்து உறிஞ்சினாள்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரியும் அழுதாள். பிரகாசிக்குக் கோபம் வந்துவிட்டது. "குழம்புல உறைப்பா? எதுக்கு எல்லாரும் அழுறீக?" என்றாள். எனக்கும் அவளுக்கும் ஆயிரம் சண்டை நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். ஆனால் அந்த நண்டுக் காலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

ஆறேழு வாரத்தில் புண் ஆறியது. கட்டைப் பிரித்தபோது தோல் குழந்தையின் கன்னம் போல மெல்லிசாக இருந்தது. இனிமேல்தான் சங்கதி, செருப்பு இல்லாமல் ஓர் அடியும் வைக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. என்னைச் செருப்புத் தைக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்.

அங்கே முனியாண்டி அண்ணன் இருந்தார். கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வேலை பார்த்தவர். நோயோடு வந்து, குணமாகி, செருப்பு வேலை கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். விரல்கள் மடங்கியிருந்ததால் உளியைக் கையோடு வாரில் கட்டிக்கொண்டு வேலை செய்வார். நோய் வந்ததைக்கூடச் சொந்தக்காரர்கள் மன்னித்துவிட்டார்கள், செருப்புத் தைக்கிறதைத்தான் மன்னிக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் செய்த செருப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே கால் படுகிற இடத்தில் மெத்தை ரப்பர். அதன் கீழே வளையாத மரப்பலகை. பலகையின் அடிப்பக்கம் தட்டையாக இல்லாமல் வளைந்து, முன்னும் பின்னும் மேலே ஏறியிருந்தது. தரையில் வைத்தால் ஆடியது. வார்டுப் பெண்கள் அதற்குத் தோணிச் செருப்பு என்று பேர் வைத்திருந்தார்கள்.

"சாதாரணமா நடக்குறப்ப குதியைத் தூக்கி, விரலடியை மடக்கி, உந்துவோம்ல" என்றார் முனியாண்டி அண்ணன். "அங்கனதான் உனக்குப் புண்ணு. இதுல காலு மடங்காது, உந்தவும் வேணாம். பலகையே உருண்டு உன்னைக் கொண்டுபோய் விட்டுரும் தங்கச்சி. குட்டி குட்டியா எட்டு வை, போதும்."

போட்டுக்கொண்டு நடந்தேன். வாத்து தோற்றது! என் நடையைப் பார்த்துச் சட்டி கழுவிய ஊர்ப் பெண்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக் கூசினேன். இருந்தாலும் மாலையில் டாக்டரம்மா புறங்கையால் என் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லை என்றார். தோல் கொப்புளிப்பதற்கு முன்னால் அந்த இடம் சுடுமாம். வலி தெரியாதவர்களுக்கு அந்தச் சூடுதான் சேதி சொல்லும்.

எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். நான்தான் இல்லை. மறுநாள் வார்டிலிருந்த செம்புக் குடத்தில் விளிம்பு தளும்பத் தண்ணீர் பிடித்து, சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, தோணிச் செருப்போடு தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நான்கு அடிக்குள் தோள் நனைந்துவிட்டது. பதினைந்து வயதிலிருந்து என் தலையிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. செருப்பைக் கழற்றி முனியாண்டி அண்ணன் முன்னால் வீசினேன்.

"இதைப் போட்டுக்கிட்டுக் கருவாடு தூக்குனா, கருவாடு மறுபடி கடலுக்குத்தான் போகும்!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்த வழியில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. எங்கும் ஒன்றுபோல இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரே இடத்தில் கொத்தாகச் சிந்தியிருந்தது. காய்வதற்குள் கரித்துண்டை எடுத்து ஒவ்வொரு கொத்தையும் வட்டமிட்டார். என்னை மறுபடி நடக்கச் சொன்னார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வந்தார்.

"பாருங்கம்மா. பலகை உருண்டு முன்னால சாயுற நேரத்துக்குத்தான் சிந்துது. சுமையோட வாரப்ப இவுக எட்டு இன்னும் குட்டையாகுது. வளைவு முன்னால தள்ளியிருக்கு. ஏறி நின்னு, பொத்துன்னு விழுறாக."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். தலைச்சுமையை விடு என்று அதுவரை என்னிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதன் பிறகு பத்து நாள் எங்கள் மூவருக்கும் அதுதான் வேலை. அவர் வளைவைப் பின்னால் தள்ளுவார், உயரத்தில் ஒரு நூல் சீவுவார், இன்னும் அரை நூல் சீவுவார். நான் குடத்தோடு நடப்பேன். டாக்டரம்மா தரையைப் பார்ப்பார், பிறகு என் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். ரொம்பச் சீவினால் தண்ணீர் சிந்தாது, ஆனால் விரலடி சுடும். சீவாமல் விட்டால் கால் சுடாது, தண்ணீர் சிந்தும். கட்டில்காரிகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து, சிந்துமா சிந்தாதா என்று பந்தயம் கட்டினார்கள். என்னைச் சிரிக்க வைத்துக் குடத்தைச் சாய்க்கப் பார்த்தவர்களும் உண்டு. நான்காவது ஜோடியில் தோள் காய்ந்திருந்தது, காலும் குளிர்ந்திருந்தது. முனியாண்டி அண்ணன் கரித்துண்டைத் தூக்கி எறிந்தார்.

நான் வீடு வந்து சேர்ந்தேன். கால் புண், ஆறிவிட்டது என்று மட்டும் ஊருக்குச் சொன்னோம். இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. உச்சிப்புளிப் பக்கத்துப் பெண்கள் என் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு கருவாட்டைப் பார்த்தார்கள், பிறகு விலை கேட்டார்கள். வாத்து நடையாவது ஒன்றாவது, பசித்தவர்களுக்குக் கருவாடுதான் முக்கியம்.

நான் அறிவு கெட்டுப்போனது கரையில்தான். எங்கள் கரையில் வலையும் மீனும் கிடக்கிற மணலில் செருப்புக் கால் படக்கூடாது. கடல் மாதா கொடுத்த மீன்பாட்டின் மேல் செருப்போடு நிற்பதா? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. கோயில் வாசலில் எப்படிக் கை தானாகச் செருப்பைக் கழற்றுமோ, அப்படிக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தினமும் உச்சி வெயிலில், சுடுமணலில், ஏலம் முடிகிறவரை நின்றிருக்கிறேன். மற்றவர்கள் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்க, நான் நட்ட கம்பம் மாதிரி நின்றேன். பழைய இரும்பு உடம்புப் பெருமை கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். ஒரு சாயங்காலம் கால் கழுவும்போது உள்ளங்கால் தோல் கையோடு வந்தது.

மறுபடியும் அந்தப் பெஞ்சு. புண் வாயில் டாக்டரம்மா கம்பியை விட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எலும்பைத் தொடுகிற மாதிரி இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும் என்றார். எலும்பு அரித்திருந்தால் முதலில் விரல், பிறகு பாதம். எங்கே வைத்து நிறுத்த முடியும் என்று இப்போது சொல்ல முடியாது.

"செருப்பு எங்கே போச்சு?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "பத்து நாள் தண்ணி தூக்கி நடந்தோமே, எதுக்கு?"

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற முனியாண்டி அண்ணனுக்குப் புரிந்தது. "எங்க ஊருலயும் களத்து மேட்டுல செருப்போட ஏற மாட்டோம்மா" என்றார் மெதுவாக. "சாகச் சொன்னாலும் ஏற மாட்டோம்." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இதுக்கு என் உளியில வழியில்ல தம்பி. நீங்கதான் பாக்கணும்."

எக்ஸ்ரே படம் காய்ந்து வருவதற்குள் நான் எத்தனை ஜெபமாலை சொன்னேன் என்று தெரியாது. வீட்டுக்காரர் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கூடம் நிறைய ஆட்கள் பார்க்க, மருந்து நாற்றம் அடிக்கிற காலை. எனக்குக் கூச்சமாக இருந்தது, இறக்கச் சொன்னேன். "கம்முனு இரு" என்றார். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மறுபடி பார்த்தார்.

"எலும்பு சுத்தமா இருக்கு" என்றார். "கால் உனக்குத்தான், செபஸ்தி."

ஐயோ, அந்த நிமிஷம்! ஒரு மூட்டை உப்பை இறக்கி வைத்த மாதிரி என் கழுத்தே லேசாகிவிட்டது. பசி எடுத்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக ஆஸ்பத்திரிக் கஞ்சியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

மறுபடி மாவுக்கட்டு, மறுபடி வார்டு, மறுபடி பிரகாசியின் குழம்பு. நான் வீடு திரும்பிய வாரம், கரையில் தோணிகளையும் வலைகளையும் மந்திரிக்கும் நாள் வந்தது. பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வந்து ஒவ்வொரு தோணியாக ஜெபித்துத் தெளிப்பார். எங்கள் தோணி முன்னால் வந்தவர் நின்றுவிட்டார். மடித்து வைத்த புது வலையின் மேல், கடல் தண்ணீரில் கழுவித் துடைத்த என் தோணிச் செருப்பு ஜோடியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"என்ன சூசை இது?"

"என் வீட்டுக்காரி செருப்பு, சாமி" என்றார். "அவளுக்கு வந்தது பெருவியாதி. மாத்திரையிலே நல்லாயிட்டு வாரா. காலிலே உணர்ச்சி இல்ல. இது இல்லாம கரையிலே நின்னா காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாக. தோணி எப்படி எங்களைச் சுமக்குதோ, அப்படி இது அவளைச் சுமக்குது. இதையும் மந்திரிச்சுக் குடுங்க, சாமி."

நாங்கள் மாதக்கணக்கில் மூடி மூடி வைத்ததை அந்த மனிதர் ஒரே மூச்சில் கரைக்கே சொல்லிவிட்டார். சாமியார் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலைக்கு ஒருமுறை தெளித்தார். செருப்புக்கு இரண்டு முறை தெளித்தார். ஒன்றிரண்டு கிழவர்கள் முனகினார்கள். சில பெண்கள் அன்றிலிருந்து என் பக்கத்தில் உட்காருவதில்லை, அதுவும் உண்மை. ஆனால் மறுநாள் ஏலத்துக்கு நான் செருப்போடு மணலில் இறங்கியபோது, யாரும் வாய் திறப்பதற்குள் பிரகாசி முன்னால் நடந்தாள்.

"ஒதுங்குங்கப்பா, மந்திரிச்ச காலு வருது" என்றாள்.

இதையெல்லாம் எழுதச் சொன்னது டாக்டரம்மாதான். காத்திருக்கும் கூடத்தில் சேலையை இழுத்துக் காலை மூடுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறாராம். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் ஏலம் முடிந்து, கடகத்தைத் தூக்கப் போனேன். செருப்பில் ஏதோ தட்டியது. கழற்றித் திருப்பிப் பார்த்தேன். கெளுத்தி முள். பலகையில் குத்தி, உள்ளே போக முடியாமல், பாதியில் நின்றிருந்தது. நான் வீறிட்டுக் கத்தினேன். அந்தக் கத்தலுக்குக் கரையே ஓடி வந்தது, தோணிக்குள் இருந்தவர்கள் குதித்து வந்தார்கள். என் வீட்டுக்காரர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து காலைப் பிடித்தார்.

"எங்கன? எங்கன குத்துச்சு?"

நான் செருப்பைக் காட்டினேன். பிரகாசி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் மதினி, காலிலே குத்துன அன்னைக்குக் கீரை உருவிக்கிட்டு இருந்தீக. இன்னைக்குக் கட்டையிலே குத்துனதுக்கா இந்தக் கத்து கத்துறீக?"

ஆமாம் என்றேன். ஆசை தீர இன்னொரு தடவையும் கத்தினேன்.